சர்வர் பச்சை, சேவை சிவப்பு: கண்காணிப்புத் திரைகள் ஏன் முரண்படுகின்றன?

ஒரே சர்வர், கணினிகளின் பட்டியலில் பச்சையாக இருக்கிறது. அதே சர்வரை உள்ளடக்கிய குழுவின் பக்கத்தைத் திறந்தால் சிவப்பு. ஏஜென்ட்களின் (சர்வருக்குள் ஓடி அதைக் கவனிக்கும் சிறு நிரல்களின்) பட்டியலிலோ சாம்பல் நிறம். அலெர்ட் பட்டியலைப் பார்த்தால் அதில் ஒன்றுமே இல்லை. உள்கட்டமைப்பைக் கவனிக்கும் குழுக்களில் இந்தக் குழப்பம் எழாத மாதமே இல்லை எனலாம். கண்காணிப்பு மென்பொருளில்தான் கோளாறு என்று முடிவு கட்டி, ஏஜென்ட்டை நிறுத்தி மீண்டும் தொடங்குவதும், நிலையைக் கையால் பச்சைக்கு மாற்றிவிட்டு அடுத்த வேலைக்குப் போவதும் வழக்கமாகிவிட்டன. ஆனால் இத்தகைய முரண்பாடுகளில் பெரும்பாலானவற்றில் ஒவ்வொரு திரையும் சரியான விடையைத்தான் தருகிறது. ஒவ்வொன்றிடமும் கேட்கப்பட்ட கேள்விதான் வேறு. எந்தத் திரை எந்தக் கேள்விக்கு விடை சொல்கிறது என்பது தெரியாமல் எந்தப் பொத்தானை அழுத்தினாலும், அடுத்து வருபவருக்குத் தேவையான தடயம்தான் அழியும்.

இக்கட்டுரை மைக்ரோசாஃப்ட்டின் சிஸ்டம் சென்டர் ஆபரேஷன்ஸ் மேனேஜர் மென்பொருளை எடுத்துக்காட்டாகக் கொள்கிறது. பயன்படுத்துவோர் இதைச் சுருக்கமாக ஸ்காம் என்பார்கள். 2007 பதிப்பில் நிலைபெற்ற அதன் நலநிலைக் கணக்கின் அடிப்படை, இடையில் வந்த 2012, 2016, 2019, 2022 பதிப்புகளைக் கடந்தும் பெரிதாக மாறவில்லை. ஆகவே கீழே வருபவற்றில் பெரும்பகுதி பழைய நிறுவல்களுக்கும் பொருந்தும்.

நிறம் எங்கே உருவாகிறது

முதலில் நான்கு சொற்களைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். கண்காணிக்கப்படும் ஒவ்வொன்றும், அதாவது சர்வரும் அதன் வட்டும் அதில் ஓடும் தரவுத்தளமும், தனித்தனி ‘பொருள்’. ஒரு பொருளின் ஒரு குறிப்பிட்ட அம்சத்தைக் கவனித்து அதற்கு நலம் (பச்சை), எச்சரிக்கை, நெருக்கடி (சிவப்பு) ஆகிய நிலைகளில் ஒன்றை வழங்குவது ‘மானிட்டர்’. நிகழ்வுகளையோ அளவீடுகளையோ சேகரித்து, தேவைப்பட்டால் அலெர்ட் எழுப்பி, ஆனால் நிலையைத் தொடாமல் விடுவது ‘ரூல்’. மனிதரின் கவனத்தைக் கோரும் அறிவிப்பு ‘அலெர்ட்’.

இந்த நான்கையும் பிரித்துப் பார்த்த மாத்திரத்திலேயே இரண்டு முரண்பாடுகள் விலகிவிடுகின்றன. ரூல் எழுப்பிய அலெர்ட் நிலையை மாற்றாது என்பதால், அலெர்ட் நிலுவையில் இருக்கும்போதே பொருள் பச்சையாக இருப்பது இயல்பு. எல்லா மானிட்டர்களும் அலெர்ட் எழுப்பும்படி அமைக்கப்படுவதில்லை என்பதால், பொருள் சிவப்பாக இருக்கும்போது அலெர்ட் பட்டியல் காலியாக இருப்பதும் இயல்பே. இரண்டிலும் மென்பொருளின் குற்றம் எதுவும் இல்லை.

இனி, ஒரு நிறம் திரைக்கு வந்து சேரும் பாதை:

1. சர்வரில் ஓடும் ஏஜென்ட், தனக்கு வந்துள்ள மேனேஜ்மென்ட் பேக்குகளில் (எதை எப்படிச் சோதிப்பது என்ற விதிகளின் தொகுப்புகளில்) சொல்லப்பட்ட வரையறையின்படி சோதனை நடத்தி, நிலையைத் தானே முடிவு செய்கிறது.
2. நிலை மாறினால், அந்த மாற்றத்தை 5723 என்ற போர்ட் வழியாக மேலாண்மை சர்வருக்கு அனுப்புகிறது.
3. மேலாண்மை சர்வர் அதைச் செயல்பாட்டுத் தரவுத்தளத்தில் எழுதுகிறது. நீண்டகால அறிக்கைகளுக்கான தரவுக் கிடங்கிலும் ஒரு நகல் சேர்கிறது.
4. உட்பொருள்களின் நிலையைக் கொண்டு மேற்பொருளின் நிலை கணக்கிடப்படுகிறது. பல சர்வர்களைத் தழுவும் குழுக்கள் என்றால், இந்தக் கணக்கு மேலாண்மை சர்வர்களின் கூட்டமைப்பில் நடக்கிறது.
5. நாம் பார்க்கும் திரையான கன்சோல், தரவுத்தளத்தைப் படித்து, தன் சொந்தத் தற்காலிகச் சேமிப்பையும் சேர்த்துக்கொண்டு, நிறத்தைக் காட்டுகிறது.

இவற்றில் இரண்டாவது படியை ஊன்றிக் கவனிக்க வேண்டும். அனுப்பப்படுவது நிலை அல்ல, நிலையில் ஏற்படும் மாற்றம். சோதனை நூறு முறை நடந்து நூறு முறையும் நலம் என்று வந்தால், மேலே ஒரு செய்தியும் போகாது. எனவே திரையில் உள்ள பச்சை, ‘இப்போது நலம்’ என்று சொல்லவில்லை. ‘கடைசியாக வந்த செய்தியின்படி நலம், அதன் பிறகு மாற்றம் எதுவும் வந்து சேரவில்லை’ என்றுதான் சொல்கிறது. மாற்றம் ஏன் வரவில்லை என்பதற்கு, மாற்றமே நிகழவில்லை என்பதும் காரணமாகலாம்; செய்தி கொண்டுவரும் பாதை அடைந்துபோனதும் காரணமாகலாம். முரண்பாடுகளின் வேர் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது.

சாம்பல் நிறம் சொல்வது

பாதை அடைபட்டதா என்பதைக் கண்டறியவே ஹார்ட்பீட் என்னும் துடிப்பு உள்ளது. இயல்பான அமைப்பில் ஏஜென்ட் 60 நொடிக்கு ஒரு முறை துடிப்பை அனுப்புகிறது. தொடர்ந்து மூன்று துடிப்புகள் வராவிட்டால், மேலாண்மை சர்வர் துடிப்பு நின்றதாக அலெர்ட் எழுப்பி, அந்தக் கணினியைப் பிங் செய்து, அதாவது வலையமைப்பு வழியே அழைத்துப் பதில் வருகிறதா என்று, பார்க்கிறது. பிங்கிற்கும் பதில் இல்லையென்றால், கணினியைத் தொடர்புகொள்ள முடியவில்லை என்று இரண்டாவது அலெர்ட் எழுகிறது. அந்தச் சர்வரின் பொருள்கள் எல்லாம் சாம்பல் பூசிக்கொள்கின்றன. சாம்பலுக்குள் தெரியும் பச்சையோ சிவப்போ கடைசியாகத் தெரிந்த நிலை மட்டுமே.

இதிலிருந்து சில விளைவுகள் பிறக்கின்றன. சர்வர் முற்றிலும் நின்றுபோனாலும் முதல் மூன்று நிமிடங்களுக்குத் திரையில் அது நலமாகவே தெரியும். ஃபயர்வால் பிங்கைத் தடுத்திருந்தால், ஏஜென்ட் சேவை மட்டும் நின்ற ஓர் எளிய சிக்கல்கூட ‘கணினியே இல்லை’ என்ற பெரிய அலெர்ட்டாக உருவெடுக்கும். அதற்கு நேர்மாறாக, பிங்கிற்குப் பதில் வருவதை மட்டும் வைத்துக்கொண்டு கண்காணிப்பு நடப்பதாக நம்புவதும் தவறு. பிங்கிற்குப் பதில் சொல்வது இயங்குதளம், ஏஜென்ட் அல்ல.

மேலும், துடிப்பைக் கவனிக்கும் பொருள் மேலாண்மை சர்வரின் பக்கத்தில் இருக்கிறது. வட்டையும் நினைவகத்தையும் கவனிக்கும் மானிட்டர்கள் ஏஜென்ட்டின் பக்கத்தில் இருக்கின்றன. ஒன்று வெளியிலிருந்து பார்ப்பது, மற்றொன்று உள்ளிருந்து பார்ப்பது. ஏஜென்ட் பட்டியலும் கணினிப் பட்டியலும் வெவ்வேறு நிறம் காட்டுவதில் வியப்பில்லை.

மூடப்பட்ட அலெர்ட், திறந்தே இருக்கும் சிவப்பு

நடைமுறையில் மிகுந்த தீங்கு விளைவிக்கும் முரண்பாடு இதுதான் என்பதால் இதைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும். ஒரு சேவை நின்றுவிடுகிறது. மானிட்டர் நலத்திலிருந்து நெருக்கடிக்கு மாறுகிறது. மாறிய கணத்தில் ஓர் அலெர்ட் எழுகிறது. பணியில் இருப்பவர் பழுதைக் குறிக்கும் டிக்கெட் ஒன்றைப் பதிவு செய்துவிட்டு, பட்டியல் சுத்தமாக இருக்கட்டும் என்று அலெர்ட்டைக் கையால் மூடுகிறார். சேவை இன்னும் சரியாகவில்லை. மானிட்டர் நெருக்கடியிலேயே நிற்கிறது. அலெர்ட் பிறப்பது நிலை மாறும் கணத்தில் மட்டுமே என்பதால், இனி எத்தனை சோதனை நடந்தாலும் புதிய அலெர்ட் வராது. டிக்கெட் எங்கோ ஒரு வரிசையில் தேங்கிவிட்டால், அந்தச் சேவை நின்றுபோனதை யாருக்கும் நினைவூட்ட எதுவும் மிஞ்சாது. அலெர்ட் பட்டியலை மட்டும் பார்ப்பவருக்கு எல்லாம் நலம். நிலைப் பக்கத்தைப் பார்ப்பவருக்கு மட்டுமே சிவப்பு தெரியும்.

இந்தக் குறையை உணர்ந்தே 2019 பதிப்பில் ஒரு கட்டுப்பாடு கொண்டுவரப்பட்டது: மானிட்டர் எழுப்பிய அலெர்ட்டை, அந்த மானிட்டர் நலத்திற்குத் திரும்பாதவரை மூட இயலாது. பழைய பழக்கத்தில் ஊறியவர்களுக்கு இது தொல்லையாகத் தோன்றியது. டிக்கெட் மென்பொருளிலிருந்து அலெர்ட்டைத் தானாக மூடும் இணைப்புகளை வைத்திருந்தவர்கள், அந்த இணைப்புகளைத் திருத்த வேண்டியதாயிற்று. இருந்தாலும் இந்தத் தடை சரியான தடையே. மூட வேண்டியது சிக்கலை. அலெர்ட் அதைத் தொடர்ந்து தானாக மூடிக்கொள்ளும்.

இதற்கு முந்தைய பதிப்புகளில் இருப்பவர்கள், மூடப்பட்ட அலெர்ட்டுகளையும் சிவப்பிலேயே நிற்கும் மானிட்டர்களையும் ஒப்பிடும் ஒரு பவர்ஷெல் நிரலை நாள்தோறும் ஓடவிடுவது நல்ல ஏற்பாடு.

நான்கு விழுக்காடு இடம் மட்டுமே மிச்சம், ஆனாலும் பச்சை

வரையறையைப் படிக்காமல் நிறத்தைப் படிப்பதால் வரும் குழப்பத்திற்கு வட்டு இட மானிட்டர் சிறந்த சான்று. விண்டோஸ் சர்வருக்கான மேனேஜ்மென்ட் பேக்கில் உள்ள வட்டு இட மானிட்டர் இரண்டு அளவுகளைச் சேர்த்துப் பார்க்கிறது: மிச்சமுள்ள இடம் எத்தனை மெகாபைட், எத்தனை விழுக்காடு. இயங்குதளம் இல்லாத வட்டுக்கு, நெருக்கடி நிலையின் இயல்பான வரம்புகள் 1000 மெகாபைட்டும் 5 விழுக்காடும் ஆகும். இரண்டு வரம்பும் ஒருசேர மீறப்பட்டால்தான் நிலை மாறும்.

இப்போது 2 டெராபைட் வட்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதில் 4 விழுக்காடு மட்டுமே மிச்சம் என்றால் 5 விழுக்காட்டு வரம்பு மீறப்பட்டுவிட்டது. ஆனால் 4 விழுக்காடு என்பது ஏறக்குறைய 80 ஜிகாபைட். 1000 மெகாபைட் வரம்புக்கு மிகமிக மேலே. எனவே மானிட்டர் பச்சையிலேயே இருக்கும். விழுக்காட்டை மட்டும் பார்க்கும் இன்னொரு கருவியோ அதே வட்டைச் சிவப்பாகக் காட்டும். இரண்டு கருவிகளும் ஒரே எண்ணைத்தான் அளந்திருக்கின்றன. தீர்ப்பின் விதிதான் வேறு. இந்த வடிவமைப்பில் அர்த்தமும் இருக்கிறது: 80 ஜிகாபைட் மிச்சமுள்ள வட்டுக்காக நள்ளிரவில் ஒருவரை எழுப்ப வேண்டியதில்லை. ஆயினும் நாளுக்கு 40 ஜிகாபைட் வளரும் தரவுத்தளம் அதில் இருந்தால் அந்தப் பச்சை பயனற்றது. அங்கே ஓவர்ரைடு (இயல்பான அமைப்பை மீறும் தனி மாற்றம்) கொண்டு வரம்பை மாற்றுவது அந்தச் சர்வரின் பொறுப்பாளர் செய்ய வேண்டிய வேலை.

ஓவர்ரைடு என்றதும் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஓர் ஏஜென்ட் நான்கு மேலாண்மைக் குழுமங்கள் (தனித்தனி ஸ்காம் நிறுவல்கள்) வரை அறிக்கை அனுப்ப முடியும். ஒவ்வொரு குழுமத்திலும் ஓவர்ரைடுகள் வேறு. ஆகவே சோதனைச் சூழலின் கன்சோலும் உற்பத்திச் சூழலின் கன்சோலும் ஒரே சர்வருக்கு இரு நிறங்கள் காட்டினால், முதலில் ஒப்பிட வேண்டியது ஓவர்ரைடுகளின் பட்டியலைத்தான்.

கீழே சிவப்பு, மேலே பச்சை

ஒரு பொருளின் கீழுள்ள மானிட்டர்கள் கிடைநிலை (சேவை கிடைக்கிறதா என்பது), கட்டமைப்பு, செயல்திறன், பாதுகாப்பு ஆகிய நான்கு தலைப்புகளில் தொகுக்கப்பட்டு, அவை நான்கும் பொருளின் ஒட்டுமொத்த நிலையில் சேர்கின்றன. இந்தத் தொகுப்பு இரண்டு வகையில் நடக்கலாம்: உள்ளவற்றில் மிக மோசமான நிலையை மேலே கொண்டுசெல்வது, அல்லது மிகச் சிறந்த நிலையை மேலே கொண்டுசெல்வது. ஒரு பொருளிலிருந்து இன்னொரு பொருளுக்கு நிலையைக் கடத்தும் சார்பு மானிட்டர்களில், இத்தனை விழுக்காடு உறுப்புகள் நலமாக இருந்தால் போதும் என்ற மூன்றாவது வழியும் உண்டு.

நான்கு வலை சர்வர்கள் பளுவைப் பகிர்ந்துகொள்ளும் பண்ணையில் ஒன்று விழுந்தால் சேவை தொடர்ந்து கிடைக்கும். அதனால் அந்தப் பண்ணை பச்சையாக இருப்பதே சரியான விடை. அதே விதியை ஒற்றைத் தரவுத்தளத்தை நம்பியிருக்கும் பயன்பாட்டுக்கு வைத்தால், பயனர்கள் தவித்துக்கொண்டிருக்கும்போது திரை பச்சை காட்டும். சார்பு உறவே வரையறுக்கப்படாமல் இருந்தால், கீழே எது நடந்தாலும் மேலே எதுவும் தெரியாது. கையால் உருவாக்கிய குழுக்களில் இந்தக் குறை அடிக்கடி தென்படுகிறது.

குழுக்கள் எல்லாம் ஒரே நேரத்தில் சாம்பலாகி, உறுப்புச் சர்வர்கள் மட்டும் பளிச்சென்று இருந்தால், பார்க்க வேண்டிய இடம் சர்வர்கள் அல்ல. கணக்கை நடத்தும் மேலாண்மை சர்வர் கூட்டமைப்பு பெரும்பான்மையை இழந்து நின்றுபோயிருக்கும் வாய்ப்பே மிகுதி.

பார்க்காததால் பச்சை

எல்லா வகையிலும் அபாயகரமானது இந்த நிலை. ஏஜென்ட் உயிரோடு இருக்கிறது, துடிப்பு ஒழுங்காக வருகிறது, ஆனால் குறிப்பிட்ட சோதனை மட்டும் நடக்கவில்லை. சோதனை நிரல் காலக்கெடுவைத் தாண்டியதால் ஏஜென்ட் அதைப் பலவந்தமாக நிறுத்தியிருக்கலாம். அப்போது சர்வரின் ஆபரேஷன்ஸ் மேனேஜர் நிகழ்வுப் பதிவில் 21402 என்ற எண் பதிவாகும். கணினியைப் பற்றிய தகவலை நிரல்களுக்குத் தரும் விண்டோஸின் டபிள்யூஎம்ஐ களஞ்சியம் பழுதடைந்திருக்கலாம். தரவுத்தளத்திற்குள் நுழைய ஏஜென்ட்டின் கணக்கிற்கு உரிமை இல்லாமல் போயிருக்கலாம். மூன்று நேர்வுகளிலும் மானிட்டர் புதிய முடிவுக்கு வருவதில்லை. பழைய பச்சை அப்படியே நிற்கிறது.

பராமரிப்பு முறையும் இதே வகையில் ஏமாற்றக்கூடும். ஒரு பொருளைப் பராமரிப்பில் வைக்கும்போது அதன் மானிட்டர்கள் இறக்கப்படுகின்றன. வெளியே எடுக்கும்போது புதிதாக, நலம் என்ற நிலையிலிருந்து தொடங்குகின்றன. சீரான இடைவெளியில் அளந்து பார்க்கும் மானிட்டர் என்றால் அடுத்த சோதனையில் உண்மையைக் கண்டுபிடித்துவிடும். நிகழ்வுப் பதிவில் ஒரு வரி விழுவதற்காகக் காத்திருக்கும் மானிட்டருக்கு அந்த வாய்ப்பு இல்லை. பழுதை அறிவிக்கும் வரி பராமரிப்பு நேரத்தில் ஒரே ஒரு முறை எழுதப்பட்டு முடிந்திருந்தால், அந்த மானிட்டர் பச்சையிலேயே தங்கிவிடும். பேட்ச் போட்ட இரவுக்கு மறுநாள் காலையில், பராமரிப்பிலிருந்து வெளிவந்த சர்வர்களின் முக்கியச் சேவைகளை ஒரு முறையாவது நேரில் சோதிக்க வேண்டும் என்று வலியுறுத்துவது இதனால்தான்.

எந்த வரிசையில் தேடுவது

முரண்பாடு ஒன்று கண்ணில் பட்டால், பொத்தான்களுக்குப் போகும் முன் பின்வரும் வரிசை பயன் தரும்.

1. ஒரு பொருளின் மானிட்டர்களை மர வடிவில் காட்டும் ஹெல்த் எக்ஸ்ப்ளோரரைத் திறந்து வடிகட்டியை நீக்குங்கள். 2012 பதிப்பு முதல் அது நலமற்ற மானிட்டர்களை மட்டுமே காட்டும்படி திறக்கிறது. முழு மரத்தையும் பார்த்தால்தான் எந்தக் கிளையில் நிறம் மேலேறாமல் நின்றது என்பது புலப்படும்.

2. குறிப்பிட்ட மானிட்டரின் நிலைமாற்றப் பட்டியலில் கடைசி மாற்றம் எப்போது நடந்தது என்று பாருங்கள். அந்த நேரத்தைப் பழுது நேர்ந்த நேரத்தோடும், பராமரிப்பு நேரத்தோடும், மேனேஜ்மென்ட் பேக் மாற்றிய நேரத்தோடும் ஒப்பிடுங்கள். பாதிச் சிக்கல்களுக்கு விடை இந்த ஒப்பீட்டிலேயே கிடைத்துவிடும்.

3. மானிட்டரின் வரையறையையும் அந்தப் பொருளுக்குப் பொருந்தும் ஓவர்ரைடுகளையும் படியுங்கள். மானிட்டர் அந்தப் பொருளுக்கு முடக்கப்பட்டிருக்கிறதா என்பதும் இங்கே தெரியும்.

4. ஏஜென்ட் இருக்கும் சர்வரின் நிகழ்வுப் பதிவைப் பாருங்கள். 21025 என்ற எண் புதிய உள்ளமைவு வந்ததையும், 1210 என்ற எண் அது நடைமுறைக்கு வந்ததையும் தெரிவிக்கும். 20070, 21016 போன்றவை மேலாண்மை சர்வரோடு தொடர்பு அறுந்ததைச் சொல்லும். தொடர்பு அறுந்திருந்தால் 5723 போர்ட், சான்றிதழின் காலாவதி, கடிகாரம் ஆகியவற்றைச் சோதியுங்கள். இரு கணினிகளின் நேரம் 5 நிமிடத்திற்கு மேல் விலகினால், இயல்பான அமைப்பில் கெர்பரோஸ் (கணினிகள் ஒன்றையொன்று அடையாளம் காணும் முறை) அங்கீகாரமே தோற்றுவிடும்.

5. பல சர்வர்களில் ஒரே சமயம் தாமதம் தெரிந்தால் மேலாண்மை சர்வரின் பதிவில் 2115 என்ற எண்ணைத் தேடுங்கள். தரவுத்தளத்தில் எழுதுவது தேங்கியிருக்கிறது என்பதன் அடையாளம் அது. இந்நிலையில் ஏஜென்ட்டை எத்தனை முறை மறுதொடக்கம் செய்தாலும் பலன் இல்லை.

6. ஒருவரின் கன்சோலில் மட்டும் முரண்பாடு இருந்தால், அந்தக் கன்சோலின் தற்காலிகச் சேமிப்பை அழித்துத் திறந்தால் போதும்.

மூன்று பொத்தான்களின் பொருள்

நிலையை மீட்டமைப்பது, மானிட்டரை எந்தச் சோதனையும் இன்றி நலத்திற்கு மாற்றும். பழுது சரியானது உறுதியாகத் தெரிந்தபின், தானாகத் திரும்ப வழியில்லாத மானிட்டருக்கு மட்டுமே இது உரியது.

நிலையை மறுகணக்கிடுவது சோதனையை உடனே நடத்தச் சொல்லும் கட்டளை. ஆனால் கேட்டவுடன் சோதிக்கும் வசதியோடு எழுதப்பட்ட மானிட்டர்கள் மட்டுமே அதற்குக் கட்டுப்படும். மற்றவை எந்த அறிவிப்பும் தராமல் அப்படியே இருக்கும். அழுத்தியபின் நிறம் மாறவில்லை என்பதை, சோதித்து உறுதி செய்யப்பட்ட நிறம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

மூன்றாவது, ஏஜென்ட்டின் சேமிப்புக் கோப்புறையை அழித்துச் சேவையை மீண்டும் தொடங்குவது. சேமிப்பு உண்மையிலேயே சிதைந்திருந்தால் இது வேண்டியதுதான். ஆனால் மேலே அனுப்பப்படாமல் வரிசையில் காத்திருந்த தரவும் அதோடு போய்விடும், பழுதின்போது ஏஜென்ட் என்ன அறிந்திருந்தது என்பதற்கான சான்றும் போய்விடும். இதை முதல் மருந்தாகக் கையாளும் பழக்கம், ஒரே சிக்கல் மாதாமாதம் திரும்பி வருவதற்கு வழி செய்கிறது. அழிக்கும் முன் நிகழ்வுப் பதிவை ஏற்றுமதி செய்து வைத்துக்கொள்ள ஒரு நிமிடம்கூட ஆகாது.

மற்றக் கருவிகளிலும், மாத அறிக்கையிலும்

இதே இடைவெளிகள் பிற கருவிகளில் வேறு பெயர்களில் இருக்கின்றன. நாகியோஸில் ஒரு சோதனை தோற்றவுடன் ‘மென்நிலை’ வருகிறது. குறித்த எண்ணிக்கையில் தொடர்ந்து தோற்றபின்தான் அது ‘வன்நிலை’ ஆகி அறிவிப்பு போகிறது. புரோமிதியஸில் ஒரு நிபந்தனை மீறப்பட்டதும் அலெர்ட் காத்திருப்பில் நிற்கிறது. விதியில் சொன்ன கால அளவு முழுவதும் மீறல் நீடித்தால்தான் அது உண்மையில் எழுகிறது. ஸ்காமையும் இவற்றில் ஒன்றையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர்கள், இந்தக் காத்திருப்பு நேரங்களைக் கணக்கில் எடுத்த பிறகே முரண்பாடு என்ற சொல்லைப் பயன்படுத்த வேண்டும்.

நிறங்களின் குழப்பம் திரையோடு நிற்பதில்லை. மாத இறுதியில் எடுக்கப்படும் கிடைநிலை அறிக்கை, தரவுக் கிடங்கில் சேர்ந்த இதே நிலைமாற்றங்களைக் கூட்டித்தான் உருவாகிறது. அந்த அறிக்கையை ஓட்டும்போது எவற்றையெல்லாம் சேவை நின்ற நேரமாகக் கொள்வது என்று தேர்வு செய்ய வேண்டியிருக்கும்: எச்சரிக்கை நிலை, திட்டமிடாத பராமரிப்பு, கண்காணிக்கப்படாத நேரம், கண்காணிப்பே கிடைக்காத சாம்பல் நேரம், மானிட்டர் முடக்கப்பட்ட நேரம். ஒருவர் சாம்பல் நேரத்தைச் சேர்த்தும் மற்றொருவர் சேர்க்காமலும் ஓட்டினால், ஒரே சர்வருக்கு, ஒரே மாதத்திற்கு, இரண்டு விழுக்காடுகள் கிடைக்கும். சேவை ஒப்பந்தத்தில் அபராதம் அந்த எண்ணைப் பொறுத்து அமையும்போது, எந்தத் தேர்வுகளோடு அறிக்கை எடுக்கப்படும் என்பதை ஒப்பந்தத்தின் இணைப்பிலேயே எழுதி, அறிக்கையின் முதல் பக்கத்திலும் அச்சிட்டுவிடுவது இரு தரப்புக்கும் பாதுகாப்பு.